ஆப்பிரிக்க நாடு ஒன்றின் வளர்ச்சி வாய்ப்பை எடைபோடுவது எப்படி? ஒரு முந்திரிக்கொட்டையைப் பின்தொடரும் முறை

பண்ருட்டியில் வாங்கிய முந்திரிப் பருப்பு பண்ருட்டியிலேயே விளைந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடலூர், கன்னியாகுமரி, கொல்லம் ஆகிய ஊர்ப் பக்கங்களில் உள்ள ஆலைகளுக்கு உள்ளூர் விளைச்சல் போதாது. எனவே ஐவரி கோஸ்ட், கினி-பிசாவு, கானா, தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து ஓட்டோடு கூடிய கொட்டை சாக்கு மூட்டைகளில் கட்டப்பட்டு, தூத்துக்குடி, கொச்சித் துறைமுகங்களின் வழியாக நம் பக்கம் வருகிறது. உலகப் பொருளாதாரத்தோடு இணைந்ததால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு என்ன கிடைத்தது, இனி என்ன கிடைக்கக்கூடும் என்று அறிய விரும்பும் மாணவருக்கும் இளம் பத்திரிகையாளருக்கும், அந்த நாடுகளோடு வணிகம் செய்ய நினைப்பவருக்கும், தொடங்குவதற்கு இந்தக் கொட்டையைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் வளர்ச்சி வாய்ப்பைப் பிறர் சொல்லும் முடிவுகளை நம்பாமல் நாமே எடைபோடுவதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கண்டத்தை விட்டுவிட்டு ஒரு நாட்டையும் ஒரு பொருளையும் தேர்ந்தெடுங்கள்

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் உள்ளன. அவற்றுள் 16 நாடுகளுக்குக் கடற்கரையே இல்லை. சில நாடுகள் எண்ணெயால் வாழ்கின்றன, சில எண்ணெயை இறக்குமதி செய்தே தள்ளாடுகின்றன. இவை அனைத்தையும் சேர்த்து "ஆப்பிரிக்கா முன்னேறுமா" என்று கேட்டால் எந்த விடையும் பாதி பொய்யாகவே இருக்கும். மொரிசியசுக்கு எதிர்காலம் இருண்டது என்று 1961இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் கணித்தார். அவர் சாதாரணமானவர் அல்லர், 1977இல் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பெற்றவர். ஆயினும் கரும்பை மட்டும் நம்பியிருந்த அந்தத் தீவு 1970இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டத்தை இயற்றி, ஆயத்த ஆடைக்கும் பிறகு சுற்றுலாவுக்கும் மாறி, அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியது. 1966இல் விடுதலை பெற்றபோது ஏறத்தாழச் சாலைகளே இல்லாதிருந்த போட்ஸ்வானாவைப் பற்றியும் யாரும் நம்பிக்கையோடு பேசவில்லை. மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருமானத்தை வீணடிக்காமல் சேமித்துப் பள்ளிக்கும் சாலைக்கும் செலவிட்டதால், ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து 1994இல் அது வெளியேறியது. அந்தப் பட்டியலிலிருந்து முதலில் வெளியேறிய நாடும் அதுவே.

ஆகவே ஒரு நாடு, அதன் ஏற்றுமதியில் முதன்மையான ஒரு பொருள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். சாம்பியா என்றால் செம்பு, கானா என்றால் கோகோவும் தங்கமும், கென்யா என்றால் தேயிலையும் மலரும். நான் முந்திரியை எடுத்துக்கொள்கிறேன். கினி-பிசாவுவின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே கொட்டையிலிருந்து வருகிறது. உலகில் மிக அதிகமாக முந்திரிக்கொட்டை விளைவிக்கும் நாடு ஐவரி கோஸ்ட், அங்கே ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன்னுக்கும் மேல் விளைகிறது.

பொருள் எங்கே உடைகிறது என்று பாருங்கள்

ஒரு கொட்டைக் கிடங்கில் நடக்கும் வெட்டுச் சோதனையை ஒருமுறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். பல மூட்டைகளிலிருந்து பரவலாக எடுத்த கொட்டைகளைக் கலந்து ஒரு கிலோ நிறுக்கிறார்கள். ஒரு கிலோவில் எத்தனை கொட்டை நிற்கிறது என்று எண்ணுகிறார்கள். இருநூறுக்கும் குறைவாக இருந்தால் கொட்டை பருமனானது. பிறகு ஒவ்வொன்றையும் கத்திரியால் இரண்டாக வெட்டி, நல்லது, புள்ளி விழுந்தது, பிஞ்சு, சொத்தை, பூஞ்சை பிடித்தது என்று தனித்தனியாகக் குவிக்கிறார்கள். எண்பது கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பதே கடைசியில் கிடைக்கும் எண். வணிகர்கள் இதை "அவுட்டர்ன்" என்பார்கள். நாற்பத்தெட்டு அவுட்டர்ன் என்றால் நல்ல சரக்கு, ஐம்பதைத் தாண்டினால் மிக நல்ல சரக்கு, நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் பேரம் தொடங்கிவிடும். ஒவ்வொரு பவுண்டுக்கும் விலை ஏறி இறங்கும்.

அந்தக் கொட்டையைத் தன் தோட்டத்தில் பொறுக்கிய விவசாயியிடம் இந்த எண் பெரும்பாலும் போய்ச் சேர்வதே இல்லை. ஐவரி கோஸ்டில் "பிஸ்தர்" என்று அழைக்கப்படும் ஊர்த் தரகர் கண்ணால் பார்த்து, கையால் குலுக்கி, ஒரு விலை சொல்கிறார். முந்திரி விழும் பருவம் வீட்டில் தானியம் தீர்ந்துபோகும் காலத்தை ஒட்டி வருவதால், கொட்டையைச் சரியாக உலர்த்தி வைத்திருந்து விற்கும் பொறுமை ஏழைக் குடும்பத்துக்கு வாய்ப்பதில்லை. கினி-பிசாவுவில் கொட்டையைக் கொடுத்து இறக்குமதி அரிசியை வாங்கும் பண்டமாற்று இன்றும் உண்டு. ஒரு மூட்டை அரிசிக்கு எத்தனை மூட்டை கொட்டை கேட்கிறார்கள் என்பதை அந்நாட்டைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தையும்விட நான் கவனமாகப் பார்ப்பேன். உலகமயமாதலால் அந்தக் குடும்பம் பெற்றதும் இழந்ததும் அந்த விகிதத்தில் நேரடியாகத் தெரிந்துவிடும்.

இனிக் கணக்குப் போடுங்கள். 2024ஆம் ஆண்டுப் பருவத்துக்கு ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு அறிவித்த குறைந்தபட்ச விலை கிலோவுக்கு 275 சிஃபா பிராங்க். இந்த நாணயம் யூரோவோடு பிணைக்கப்பட்டது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்பது மாறாத விகிதம். அப்படியானால் ஒரு கிலோ கொட்டைக்கு 42 யூரோ சென்ட், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 38 ரூபாய். ஒரு கிலோ பருப்பு எடுக்க நான்கு முதல் ஐந்து கிலோ கொட்டை வேண்டும் என்பதால், ஒரு கிலோ பருப்புக்காக விவசாயி கையில் விழுவது சுமார் 170 ரூபாய். நீங்கள் கடையில் ஒரு கிலோ முழுப் பருப்புக்குக் கொடுத்த விலையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி முழுவதும் கொள்ளை அன்று. கப்பல் கட்டணம், சேதாரம், விறகு, வட்டி, ஓட்டை உடைத்துத் தோலுரித்துத் தரம் பிரிக்கும் பெண்களின் கூலி, கடைக்காரரின் பங்கு ஆகிய எல்லாம் அதில் அடங்கும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கும் அந்தப் பெண்களின் விரல்களில் கறை படிந்துவிடும். அது கடினமான, குறைந்த கூலி வேலைதான். ஆனால் அந்த வேலைகூடப் பெரும்பாலும் விளைந்த நாட்டில் இல்லை என்பதுதான் அங்கே வளர்ச்சி தடைபடும் முதல் இடம்.

வரியை இரண்டு கரையிலும் படியுங்கள்

ஏற்றுமதி செய்யும் நாட்டின் வரியை மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்கள். இந்தியா 2018ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஓட்டோடு கூடிய முந்திரிக்கொட்டையின் இறக்குமதி வரியை 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு, பருப்பின் மீதான வரியை 45 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்த்தியது. கொட்டையாகக் கொண்டுவந்தால் கதவு திறந்திருக்கும், உடைத்துக் கொண்டுவந்தால் கதவு மூடப்படும் என்பதுதான் இதன் பொருள். நம் ஆலைத் தொழிலாளர்களைக் காக்கும் நோக்கில் இது நியாயமே. ஆயினும் ஐவரி கோஸ்டின் அபிஜானிலோ கினி-பிசாவுவின் தலைநகர் பிசாவுவிலோ ஆலை வைக்க நினைப்பவருக்கு இது எதிரே நிற்கும் சுவர் என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மூலப்பொருளுக்குக் குறைந்த வரியும் பதப்படுத்திய பொருளுக்கு உயர்ந்த வரியும் விதிக்கும் இந்தப் படிக்கட்டு வரியைப் பணக்கார நாடுகள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளன. இப்போது நாமும் கையாளுகிறோம்.

இந்தப் பகுதியில் மொசாம்பிக்கைப் பற்றி நிதானமாகப் படிக்கப் பரிந்துரைக்கிறேன். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேல் முந்திரி விளைவித்து உலகில் முதலிடத்தில் இருந்த நாடு அது. 1975இல் விடுதலை கிடைத்தது. பிறகு வந்த உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்தபோது மரங்கள் மூப்படைந்திருந்தன, சாலைகள் சிதைந்திருந்தன, ஊர்க் கடைகள் அழிந்திருந்தன. கொட்டையை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தி ஏற்றுமதி வரியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று 1990களின் நடுவில் உலக வங்கி வலியுறுத்தியது. அதன் வாதத்தில் தர்க்கம் இருந்தது. ஏற்றுமதி வரி உள்ளூர் விலையை அழுத்துகிறது. திறமையற்ற ஆலைகளுக்கு ஏழை விவசாயி மானியம் கொடுக்கிறார். வரியை நீக்கினால் அவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்றார்கள்.

நடந்தது வேறு. வரி குறைந்தது, கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2001க்குள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள், வேலை இழந்தனர். பின்னர் இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், முந்திரி பயிரிடும் சராசரிக் குடும்பத்துக்கு இதனால் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்கு ஐந்து டாலருக்குச் சற்று மேல்தான் என்று கணக்கிட்டார்கள். கூடுதல் விலையில் பெரும்பகுதி இடைத்தரகரிடம் தங்கிவிட்டது. உலகில் கொட்டை வாங்குவோர் அன்று ஏறத்தாழ இந்திய ஆலைகள் மட்டுமே என்பதால் விற்பவருக்குப் பேரம் பேசும் வலுவும் இல்லை. 1999இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் ஏற்றுமதி வரியை 18 முதல் 22 சதவீதம் வரை மீண்டும் உயர்த்தியது. அதன்பின் நம்புலா மாகாணத்தில் பெரிய இயந்திரங்களை நம்பாமல், கொட்டையை ஆவியில் வேகவைத்துக் கையால் வெட்டும் சிறிய ஆலைகள் முளைத்தன. இந்தத் தொழில் இந்தியாவில் வளர்ந்த வழியும் அதுதான்.

இந்தக் கதையிலிருந்து எந்தக் கொள்கையையும் சோதிக்க உதவும் கேள்விகள் கிடைக்கின்றன. வாங்குவோர் எத்தனை பேர்? தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே எத்தனை கை மாறுகிறது? பருவத்தின் இரண்டு மூன்று மாதங்களில் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கொட்டையை வாங்கி வைக்க உள்ளூர் ஆலைக்கு எந்த வங்கி, எந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறது? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. என் பார்வையில் மேற்கு ஆப்பிரிக்க ஆலைகளை வீழ்த்துவது தொழில்நுட்பக் குறைவைவிட இந்த நடைமுறை மூலதனத்தின் குறைவே. வியட்நாமைப் பாருங்கள். இயந்திரத்தில் உடைக்கும் முறையைத் தானே உருவாக்கி, ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் கொட்டையை வரவழைத்து, 2006இல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. விளைச்சல் அதிகம் உள்ள நாடே தொழிலையும் வைத்திருக்கும் என்ற எண்ணம் அத்தோடு பொய்யானது.

இதே கேள்விகளைக் கொண்டு பெனினை இப்போது கவனிக்கலாம். 2024 ஏப்ரல் முதல் கொட்டையை ஓட்டோடு ஏற்றுமதி செய்வதற்கு அந்த நாடு தடை விதித்தது. கூடவே குளோ-ஜிக்பே தொழில் மண்டலத்தில் ஆலைகளையும் எழுப்பி வருகிறது. தடை மட்டும் இருந்தால் கொட்டை எல்லை தாண்டிக் கடத்தப்படும், விவசாயிக்கு விலை விழும். தடையும் ஆலையும் கடனும் ஒன்றாக வந்தால் வேறு முடிவு கிடைக்கலாம். அரசே முழுச் சரக்கையும் வாங்குவது என்ற வழியையும் தான்சானியா முயன்று பார்த்தது. 2018இல் வணிகர்கள் கொடுக்க முன்வந்த விலை போதாது என்று அதிபர் மகுஃபுலி கிலோவுக்கு 3,300 ஷில்லிங் அறிவித்து, கொட்டையைச் சேகரிக்க இராணுவத்தையே அனுப்பினார். வாங்கியது எளிது, விற்பது எளிதாக இல்லை. சரக்கு கிடங்குகளில் நெடுநாள் தேங்கியது.

கடன் பத்திரத்தைப் புரட்டாமல் முடிவுக்கு வராதீர்கள்

ஒரு நாட்டின் கடன் எவ்வளவு என்பதைவிட மூன்று விவரங்கள் முக்கியம்: எந்த நாணயத்தில், எப்போது திருப்ப வேண்டும், யாரிடம். சாம்பியா 2005இல் கடன் தள்ளுபடி பெற்றுப் பெரும் சுமையிலிருந்து விடுபட்ட நாடு. செம்பு விலை உயர்ந்திருந்த 2012இல் பன்னாட்டுச் சந்தையில் 75 கோடி டாலர் பத்திரம் வெளியிட்டது. 2014இல் 100 கோடி, 2015இல் 125 கோடி என்று தொகை ஏறியது, வட்டியும் ஏறியது. வருமானமோ ஒரே உலோகத்தின் விலையில் தொங்கியது. 2020 நவம்பரில் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. பத்திரம் வைத்திருந்த முதலீட்டாளர்கள், சீன வங்கிகள், பிற அரசுகள் ஆகியோரை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து கடனை மறுசீரமைக்க மூன்று ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. அந்த ஆண்டுகளில் கட்டப்படாத பள்ளிகளையும் மருந்தகங்களையும் எந்த ஒப்பந்தமும் திருப்பித் தராது. கானாவும் 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனுக்கான தவணைகளை நிறுத்தியது. டாலரில் கடன் வாங்கிய நாடு உள்நாட்டு நாணயத்தில் வரி வசூலிக்கிறது என்றால், நாணய மதிப்பு விழும் ஒவ்வொரு முறையும் அதன் கடன் தானாகவே பெருகும். இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி விகிதத்தை நம்பும் முன்

அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலையையும் தொழில் அமைப்பையும் அளவுகோலாக வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதை, விசாரியுங்கள். 2010 நவம்பரில் கானா தன் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியபோது, பொருளாதாரம் முன்பு நினைத்ததைவிட அறுபது சதவீதம் பெரியது என்று தெரிந்தது. 2014 ஏப்ரலில் நைஜீரியாவின் கணக்கு 89 சதவீதம் உயர்ந்து, ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவைத் தாண்டியது. கைப்பேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் பழைய கணக்கில் சரியாக இடம்பெறாமல் போயிருந்தன. எண் மாறியதால் யார் வீட்டிலும் அன்று கூடுதலாக ஒரு வேளை உணவு சமைக்கவில்லை. எனவே மொத்த உற்பத்தியோடு மின் இணைப்பு, பள்ளி நிறைவு, குழந்தை இறப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மின்சாரமும் பாதையும்

சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லை. இணைப்பு இருக்கும் இடத்திலும் அது நிலையாக வருவதில்லை. கானாவில் "டும்சோர்" என்ற சொல் பிறந்ததே அதனால்தான். அணைவதும் எரிவதும் என்று அக்கான் மொழியில் அதற்குப் பொருள். ஆலையில் டீசல் ஓட்டினால் ஒவ்வொரு கிலோ பருப்பின் விலையும் ஏறும், வியட்நாமோடு போட்டியிட முடியாது. ஆகவே நீங்கள் படிக்கும் நாட்டில் ஆலைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மின்சாரம் வருகிறது என்று நேரில் தொழில் செய்பவரிடம் கேளுங்கள்.

பிறகு ஒரு இருப்புப்பாதை வரைபடத்தை விரித்து வையுங்கள். காலனி ஆட்சிகள் போட்ட பாதைகளில் பெரும்பாலானவை சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ நேரே துறைமுகத்துக்கு இறங்குகின்றன. ஒரு நாட்டின் ஊரை அடுத்த நாட்டின் ஊரோடு சேர்ப்பவை மிகச் சில. பண்டங்களை வெளியே எடுத்துச் செல்ல அமைந்த அந்தப் பாதைகள்தாம் பல இடங்களில் இன்றும் வணிகத்தின் திசையைத் தீர்மானிக்கின்றன.

அண்டை நாட்டுச் சந்தை திறக்கிறதா?

ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் 15 சதவீத அளவிலேயே நிற்கிறது. இதை மாற்றுவதற்காக 2018 மார்ச்சில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கையெழுத்தான ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தம் 2019 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜனவரி முதல் நாள் அதன்கீழ் வணிகம் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டது. அதன் செயலகம் கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ளது. எரித்திரியாவைத் தவிர எல்லா நாடுகளும் கையெழுத்திட்டன. ஒப்பந்தத்தின் பெயரைவிட அதன் வழியே நகர்ந்த சரக்கைப் பாருங்கள். 2022இல் சில நாடுகளைக் கொண்டு நடத்திய சோதனை முயற்சியில் கென்யாவில் தயாரான பேட்டரிகளும் தேயிலையும் கானாவுக்குப் போயின. தொகை சிறியது, ஆனால் சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ அப்படியே எடுத்த சரக்கு அன்று, செய்து முடித்த பொருள். நான் நம்பிக்கை வைப்பது இங்கேதான். நம் நாட்டின் 70 சதவீத வரியைத் தாண்ட முடியாத ஒரு முந்திரி ஆலை லாகோசிலும் கெய்ரோவிலும் காசாபிளாங்காவிலும் வாங்குவோரைக் கண்டுகொண்டால், அதன் கணக்கே மாறிவிடும். அதற்கு எல்லைச் சாவடியில் லாரி நிற்கும் நாட்கள் குறைய வேண்டும், எது எந்த நாட்டுச் சரக்கு என்று தீர்மானிக்கும் விதிகள் எளிதாக வேண்டும்.

குறிப்பேட்டைத் தொடங்கும் நாள்

இந்தப் பயிற்சியைப் பிப்ரவரியில் தொடங்குவது நல்லது. மேற்கு ஆப்பிரிக்கப் பருவம் அப்போதுதான் திறக்கிறது, ஐவரி கோஸ்ட் அரசும் அந்தச் சமயத்தில் விலையை அறிவிக்கிறது. 2024இல் 275 பிராங்காக இருந்த அந்த விலை 2025இல் 425ஆக உயர்ந்தது. அறிவித்த விலையை ஒரு பக்கத்திலும், தோட்டத்தில் உண்மையில் கொடுத்ததாக உள்ளூர்ச் செய்திகளில் வரும் விலையை மறுபக்கத்திலும் எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தூத்துக்குடிக்கு வந்திறங்கும் சரக்கின் அவுட்டர்னைத் தெரிந்த வணிகரிடம் கேட்டுச் சேருங்கள். அக்டோபரில் தான்சானியாவின் ம்துவாரா பகுதியில் ஏலம் தொடங்கும்போது அந்த விலையையும் குறியுங்கள், ஏனெனில் மேற்கின் பருவம் முடிந்து ஆலைகள் கொட்டைக்குத் தவிக்கும் நேரத்தில் கிழக்கின் விளைச்சல் வருவதால் அங்கே பேரம் விவசாயியின் பக்கம் சற்றுச் சாயும். இவற்றோடு அந்த ஆண்டு அந்தந்த நாட்டிலேயே உடைக்கப்பட்ட கொட்டையின் பங்கையும் ஒரு பத்தியில் எழுதி வாருங்கள். ஐவரி கோஸ்டில் அது 2023 வாக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டது, கினி-பிசாவுவில் மிகச் சொற்பம். மூன்று பருவங்களுக்கு இந்தப் பத்தி நிரம்பிய பிறகு, அந்த நாட்டைப் பற்றி நாளிதழில் வரும் அடுத்த கட்டுரையை இந்தக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.